எங்கட வீட்டு குறூப்: கூரைக் காசும் அபின்ர லோனும்

ஞாயிறு

வசந்தி மாமி, காலை 7:12
எல்லாருக்கும் குட் மோர்னிங். உப்புவெளி வீட்டுக் கூரையை வேலை செய்யிற பாஸ் வந்து பாத்திட்டு போனவர். சீட் முழுக்க மாத்த வேணுமாம் மரமும் உக்கிட்டாம், மாரி மழைக்கு முதல் செய்யாட்டி அம்மான்ர அறைக்குள்ள வாளி வைக்கிறதுதான். மொத்தம் 18 லட்சம் சொல்லுறார்

வசந்தி மாமி, 7:15
நாங்க எல்லாரும் பிச்சு பிச்சு போடுறதை விட அபிட்ட கேட்டா என்ன. அமெரிக்காவில பல்லு டொக்டர், 6000 டொலர் அவளுக்கு ஒரு காசா

குமார் சித்தப்பா, 7:31
அக்கா அவளிட்ட கேக்க வேண்டாம். சொல்லக் கூடாது எண்டுதான் இருந்தன், இப்ப கதை வந்திட்டுது. பல்லுப் படிப்புக்கு எடுத்த லோன் அவளுக்கு இன்னும் 310,000 டொலர் கிடக்கு. நிலாவெளி காணியில என்ர பங்கை வித்து அதில கொஞ்சத்தை இறக்குவம் எண்டு யோசிக்கிறன், அண்ணையோட கதைக்கத்தான் இருந்தன்

வசந்தி மாமி, 7:33
என்னது காணியை விக்கவா?? 90ல அகதியா ஓடேக்க சோத்துப் பானையை விட்டிட்டு உறுதியை மட்டும் கொண்டு ஓடின காணியடா அது

அப்பா, 7:40
310,000 தர 300 = 9 கோடி 30 லட்சம். குமார் நீ சைபர் ஒண்டு கூட போட்டிட்டாய் போல

குமார் சித்தப்பா, 7:41
இல்ல அண்ணை சரிதான்

திலக்‌ஷன், 7:41
😳

சுகி, 7:44
ஐயோ சித்தப்பா. அபி இந்த குறூப்ல இருக்கிறாள், அவளுக்கு முன்னால ஏன்

அபி, 7:52
இருக்கட்டும் சுகியக்கா. அப்பா போட்டாச்சு தானே. அமெரிக்காவில தனியார் கல்லூரியில பல் மருத்துவம் எண்டா இந்தளவு கடனோட வெளிய வாறது சாதாரணம், என்ர வகுப்பில இதை விட கூட உள்ளவையும் இருக்கினம். சராசரி வட்டி 7 வீதம். அதாவது நான் நித்திரை கொண்டாலும் ஒரு நாளைக்கு 59 டொலர் வட்டி ஓடுது

அப்பா, 8:03
59 டொலர் எண்டா 17,700 ரூபா. ஒரு நாளைக்கு. சரி. நான் கேக்கிறது வேற. நான் பாங்கில இருந்த காலத்தில ஒருத்தனுக்கு திறீ வீல் எடுக்க லோன் குடுக்கிறதெண்டாலும் சம்பளப் பட்டியல், ரெண்டு பிணைக்காரர், அவன் வேற எங்க கடன் வச்சிருக்கிறான் எண்டு எல்லாம் பாத்துத்தான் குடுக்கிறது, பாக்காம குடுத்தா அடுத்த மாசம் எனக்கு இடமாற்றம். உனக்கு 22 வயசில வருமானமே இல்லாம எந்த நம்பிக்கையில குடுத்தவங்கள்

அபி, 8:10
அதில பெரிய பங்கு கிராட் பிளஸ் எண்ட அரசாங்க லோன் பெரியப்பா. 2006ல தொடங்கினது. முந்தி கடன் கட்டாம கெட்ட பேர் எடுத்திருக்கா எண்டு மட்டும் பாப்பினம். முடிச்சா எவ்வளவு உழைப்பாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. படிப்புக் கட்டணம், வாடகை, சாப்பாடு, சாமான் எல்லாம் சேத்து ஒரு வருஷச் செலவு இவ்வளவு எண்டு கல்லூரி ஒரு தொகை எழுதும், அதில மற்ற லோன், ஸ்கொலஷிப் போக மிச்சம் முழுக்கத் தருவினம். 2012க்கு பிறகு எங்களைப் போல டிகிரி முடிச்சு மேல படிக்கிற ஆக்களுக்கு படிக்கிற காலத்து வட்டியையும் அரசாங்கம் கட்டுறதில்ல, காசு கைக்கு வந்த நாளில இருந்தே ஏறத் தொடங்கும்

அப்பா, 8:14
அப்ப விலையை போடுறவனும் கல்லூரி, எவ்வளவு கடன் தேவை எண்டு எழுதிக் குடுக்கிறவனும் கல்லூரி. கடன் திரும்பி வராட்டி கல்லூரிக்கு ஒரு சதம் நட்டம் இல்ல. நல்ல யாவாரம்

வசந்தி மாமி, 8:20
அண்ணை நீங்க கல்லூரியை பேசுங்கோ. கையெழுத்து வச்சது ஆர்? பிள்ளை கோவிக்காத, வாங்கின கடனை கட்டுறது வாங்கினவன்ர கடமை. பத்து வருஷமா நான் சீட்டுக் காசு ஒரு மாசம் பிந்தேல்ல

அபி, 8:24
கையெழுத்து வச்சது நான்தான் மாமி, அதை எங்கயும் மறுக்கேல்ல. ஒரு மாசமும் பிந்தாமத்தான் கட்டுறன். ஆனா 10 வருஷத்தில முடிக்கிறதெண்டா மாசம் 3600 டொலர், 25 வருஷத்துக்கு நீட்டினா 2190, ஆனா அப்பிடி கட்டி முடிக்கேக்க 657,000 போயிருக்கும். வாங்கினதின்ர ரெண்டு மடங்கு. அமெரிக்காவில கடை வச்சு நொடிச்சவன் கோட்டுக்கு போய் கையை விரிக்கலாம், படிச்ச லோனை அப்பிடி லேசில விடமாட்டினம், தாங்கவே ஏலாத கஷ்டம் எண்டு தனியா வழக்குப் போட்டு நிரூபிக்க வேணும்

திலக்‌ஷன், 8:26
எங்கட நாடே 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் இப்போதைக்கு கட்டேலாது எண்டு கையை விரிச்சது. நீங்க சிறீலங்கா பாஸ்போட்டை காட்டிப் பாருங்கோ மச்சாள் 😂

வசந்தி மாமி, 8:27
நீ போய் கோழிக்கு தீனி போடு

வசந்தி மாமி, 8:30
இஞ்ச எங்கட பிள்ளையள் ஒரு சதம் குடுக்காமத்தானே டொக்டர் ஆனதுகள். அதுக்கு ஏன் அமெரிக்கா

சுகி, 8:37
ஒரு சதம் குடுக்காம இல்ல மாமி, குடுத்தது வேற ஆக்கள். 1945ல கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டு வந்த நாளில இருந்து அது வரிக் காசு, மீன் மாக்கெட்டில கூடை தூக்கிறவர் சீனி வாங்கேக்க கட்டுற வரியும் அதுக்குள்ள இருக்கு. அதுக்கு மேல கம்பஸ் எடுக்கேக்க பின்தங்கின மாவட்டம் எண்டு எங்கட திருகோணமலைக்கு தனியா இடமும் ஒதுக்கிறாங்க. அப்பிடி படிச்சவையில எத்தினை பேர் 2022க்கு பிறகு பிளேன் ஏறிட்டினம். அவைக்கு மாசம் மாசம் பில் வாறதில்ல, அதால கடன் எண்டு ஒருத்தரும் சொல்றதில்ல. அபிக்கு பில் வருது, அவள் கட்டுறாள், அவளைப் பிடிச்சு கேள்வி கேக்கிறம்

வசந்தி மாமி, 8:39
நான் ஆரையும் பேசேல்ல சுகி

திலக்‌ஷன், 8:41
இஞ்ச நான் படிக்க எடுத்த வட்டியில்லாத லோனையும் சொல்லுங்கோ. வட்டியை அரசாங்கம் கட்டும் முதலை நான் கட்ட வேணும், பெரிய மாமாதான் பிணை. நான் பெயில் விட்டா அவற்ற பென்சன்ல கை வைப்பினம்

அப்பா, 8:42
அதாலதான் மாசா மாசம் உன்ர ரிசல்ட் கேக்கிறன்

அப்பா, 8:50
அபி, பிள்ளை, காணி விசயத்துக்கு வருவம். கொப்பன் தன்ர பங்கை வித்தா உனக்கு எவ்வளவு இறங்கும்

அபி, 8:58
விக்கவே வேண்டாம் பெரியப்பா. அப்பாட்ட இதைச் சொல்லிச் சொல்லி களைச்சிட்டன், நீங்களாவது கேளுங்கோ. போன மார்கழியில இருந்து நான் தனியார் கிளினிக்கை விட்டிட்டு காசில்லாத சனம் வாற ஒரு சமூக கிளினிக்கில வேலை செய்யிறன், லாபம் எடுக்காத இடம். சம்பளம் குறைவு. ஆனா 2007ல வந்த ஒரு சட்டம் இருக்கு, அப்பிடியான இடத்திலயோ அரசாங்கத்திலயோ முழுநேரம் வேலை செய்துகொண்டு வருமானத்துக்கு ஏத்த மாதிரி மாசக் கட்டணம் 120 தரம் கட்டினா மிச்சத்தை தள்ளிவிடுவினம், அதுக்கு மத்திய அரசு வரியும் இல்ல. இப்ப காணியை வித்து 50,000 கட்டினாலும் 120 120தான், ஒரு மாசமும் குறையாது, கடைசியில தள்ளிவிடுற தொகைதான் 50,000 குறையும். காணியை அமெரிக்க அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்த மாதிரித்தான்

அப்பா, 9:04
குமார் இதை நீ எனக்கு சொல்லேல்ல

குமார் சித்தப்பா, 9:06
எனக்கு அந்தச் சட்டத்தில நம்பிக்கை இல்லை அண்ணை. அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தர் படிப்புக் கடன் தள்ளுவன் எண்டார், 2023ல அங்கத்தை உச்ச நீதிமன்றம் ஏலாது எண்டிட்டுது. பத்து வருஷத்தில எத்தினை பேர் வந்து மாத்துவாங்களோ

அபி, 9:08
அது வேற திட்டம் அப்பா. இது நான் ஒப்பந்தப் பத்திரத்தில கையெழுத்து வைக்கேக்கயே அதில எழுதியிருந்தது

வசந்தி மாமி, 9:11
அப்ப மிச்சத்தை கட்டாம விடுறது சரியோ? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு

அப்பா, 9:19
வசந்தி, பத்திரத்தில ரெண்டு பக்கமும் இருக்கு. நீ இப்பிடி வேலை செய், நான் இவ்வளவு விடுறன் எண்டு கடன் குடுத்தவனே எழுதினது. பல்லு நோவோட வாற ஏழைச் சனத்துக்கு பத்து வருஷம் குறைஞ்ச சம்பளத்தில வேலை செய்யிறாள், அதுவும் கட்டுறதுதான். எனக்கு உறுத்துறது வேற, இவ்வளவு விலை போட்ட கல்லூரி இந்தக் கணக்கில எங்கயும் வராமல் இருக்கிறது

வசந்தி மாமி, 9:23
சரி எனக்கு விளங்கினது காணி விக்கிறேல்ல. கூரைக்கு ஆள் ஆளுக்கு போடுவம். அபி நீ போட வேண்டாம்

அபி, 9:24
500 டொலர் போடுவன் மாமி. அம்மம்மா அப்பம்மா எண்டு ரெண்டு இல்லை எனக்கு, அவ ஒருத்திதான் இருக்கிறா

அப்பா, 9:30
குமார், சின்னவன் லோ படிக்கப் போறான் எண்டாய். அவனுக்கும் இதே கதையோ

குமார் சித்தப்பா, 9:36
அவனுக்கு வேற கதை. 2026 ஜூலை 1ல இருந்து புதுசா எடுக்கிற ஆக்களுக்கு கிராட் பிளஸ் இல்லை. லோ, மெடிசின் மாதிரி படிப்புக்கு அரசாங்கம் வருஷம் 50,000, மொத்தம் 200,000தான் தரும். அதுக்கு மேல எண்டா தனியார் பாங்க், அதுக்கு நான் சேந்து கையெழுத்து வைக்க வேண்டி வரும்

சுகி, 9:38
அது நல்லதுதானே, கட்டணத்தை குறைப்பாங்கள்

அபி, 9:41
குறைச்சா நல்லது அக்கா. குறைக்காட்டி சேந்து கையெழுத்து வைக்க நல்ல வருமானம் உள்ள அப்பா இல்லாத பிள்ளை வெளிய நிக்கும். தனியார் லோனுக்கு 120 கணக்கும் இல்ல

அப்பா, 9:47
குமார், அவனுக்கு இடம் கிடைச்ச கல்லூரியள் எல்லாத்தின்ர பேரும் அனுப்பு. கட்டிடத்தின்ர படம் வேண்டாம். முடிச்ச பிள்ளையளில எத்தினை பேர் சட்டத்தரணி சோதினை பாஸ், எத்தினை பேருக்கு என்ன வேலை எண்டு ஒவ்வொரு கல்லூரியும் வருஷா வருஷம் வெளியிட வேணுமாம் எண்டு வாசிச்சன். அதை அனுப்பு. அதைப் பாக்காம ஒண்டிலயும் பேனை வைக்காத

அபி, 9:49
அதைத்தான் நானும் கேட்டன் பெரியப்பா. அவன் எனக்கு லைப்ரரி எவ்வளவு வடிவு எண்டு வீடியோ அனுப்புறான்