பொருள்: ‘பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ பெயரடையாக வரும்போது: ‘உறுநிலைப் பெயரடை’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘புரோக்கன்’, ‘ஃபாலன்’ போன்ற ஆங்கில வினை வடிவங்கள் (‘பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்’) பெயருக்கு அடையாக வரும்போது அவற்றைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது என்று தேடுகிறேன். ‘இறந்தகாலப் பெயரெச்சம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் படிவம் மூன்று (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு) பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறவன் நான். வகுப்பில் அந்தப் பெயர் காலை வாருகிறது.

‘வெட்டிய’ என்பதைப் பாருங்கள். வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய ஆள், வெட்டிய நாள் எல்லாமே சரி. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ஆங்கிலத்துக்கு இந்தத் தாராளம் கிடையாது. ‘புரோக்கன் ஹேண்ட்’ என்றால் முறிந்த கை மட்டும்தான். கிளாஸை உடைத்த கை ஆகாது. ‘ஃபாலன் லீவ்ஸ்’ உண்டு, ‘ஸ்லெப்ட் பேபி’ இல்லை. விழுந்த இலையின் நிலை மாறிவிட்டது. தூங்கி எழுந்த குழந்தையிடம் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நமக்கோ விழுந்த இலையும் தூங்கிய குழந்தையும் ஒரே அச்சு.

ஆக, அந்த ஆங்கில வடிவத்தின் உயிர் காலத்தில் இல்லை, பெயருக்கு நேர்ந்த நிலையில் இருக்கிறது. ‘வில் பி குளோஸ்டு’ என்று எதிர்காலத்திலும் அதே வடிவம்தானே வருகிறது? (‘பொரித்த கோழி’ நாளைக்கும் பொரித்த கோழிதான் என்று நீங்கள் மடக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.)

மலாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாசி கோரெங் (சோறு + பொரி), ஈக்கான் பாக்கார் (மீன் + சுடு): வெறும் வினைவேரைப் பெயருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நம் ஊறுகாய் மாதிரி, வரிசைதான் தலைகீழ்.

சரி, சூட்டவேண்டிய பெயருக்கு வருவோம். ‘வினையடை’ ஏற்கெனவே வேறு வேலையில் (‘அட்வெர்ப்’) இருக்கிறது. ‘எச்ச அடை’ என்று முதலில் நினைத்தேன். சேர்த்து எழுதினால் ‘எச்சவடை’. பிள்ளைகள் அதை எச்சில் வடை ஆக்க ஒரு நாள் போதும்.

அப்புறம்தான் ‘உறுநிலைப் பெயரடை’ தோன்றியது. அதற்கு இணையாக ‘-இங்’ வடிவத்துக்குத் ‘தருநிலைப் பெயரடை’. சலிப்பை உற்றவன் ‘போர்டு’, சலிப்பைத் தருவது ‘போரிங்’. ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதித் தன்னைத்தானே அறுவை என்று சொல்லிக்கொள்ளும் பையனுக்கு இந்த இரண்டு பெயரே பாதிப் பாடம். ‘டயர்டு’, ‘புரோக்கன்’, ‘ஃபாலன்’ மூன்றையும் போட்டுப் பார்த்தேன், உறுநிலையில் உட்கார்கின்றன.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ‘உறு’ என்பது ‘சால, தவ, நனி’ வரிசையில் மிகுதியைக் காட்டும் உரிச்சொல்லும்கூட. ‘உறுநிலை’யை யாராவது ‘மிகுந்த நிலை’ என்று படித்துவிடுவார்களா? ‘உற்றநிலை’ என்று மாற்றிவிடலாமா? இலக்கணம் முறையாகப் படித்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரப் பயிற்சித்தாள் அச்சுக்குப் போகுமுன் தெரிந்தால் நல்லது.