5 லிட்டர் ஸ்டாண்ட் மிக்ஸர் பன் மாவில் நின்றுவிடுகிறது: இதையே சமாளிப்பதா, வேறு வாங்குவதா?

கவின் அம்மா (திருப்பூர்)

வணக்கம். மூன்று வருடமாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். போன மாதத்திலிருந்து பக்கத்துத் தெரு டீக்கடைக்குத் தினமும் 40 பன் கொடுக்கிறேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

என்னிடம் இருப்பது ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாண்ட் மிக்ஸர். 5 லிட்டர் கிண்ணம், பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருக்கிறது. கேக் கலவையும் கிரீமும் நன்றாக வருகிறது. ஆனால் பன்னுக்கு 1 கிலோ மைதா போட்டு, 4-ஆம் வேகத்தில் வைத்தால் ஆறாவது நிமிடம் கருகிய வாடை வருகிறது. தலைப்பகுதி குதிக்கிறது. அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆற விட்டால் மறுபடி ஓடுகிறது. நேற்று பாதி பிசைந்த மாவைக் கையால் முடித்தேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

வேறு வாங்குவதென்றால் 25,000 ரூபாய் வரை போகலாம். 1500 வாட் என்று போட்ட மாடல் ஒன்று பார்த்தேன். அது போதுமா?

மோட்டார் செல்வம் (கோவை)

அக்கா, நின்றது நல்லதுதான். உள்ளே சூடு ஏறினால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் தினமும் அந்த வாடை வரும்வரை ஓட்டினால் மோட்டார் கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் கருகி, ஒரு நாள் மொத்தமாகப் போய்விடும். இன்றிலிருந்து 1 கிலோ போடாதீர்கள்.

வாட் கணக்கை நம்பி வாங்கவும் வேண்டாம். உங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டரைப் பாருங்கள். 2 லிட்டர் கிரைண்டரில் பெரும்பாலும் 150 வாட் மோட்டார்தான். கல்லைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, வாடை வருகிறதா? வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சக்தியின் அளவு. மாவு பிசையும் கொக்கி, அதாவது ஹூக்கின் நுனிக்கு எவ்வளவு பலம் போய்ச் சேர்கிறது என்பது மோட்டாரின் வகையையும் கியரையும் பொறுத்தது. கிச்சன்எய்டு என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆர்டிசன் 4.8 லிட்டர் மாடல் 300 வாட்தான், அதில் ரொட்டி மாவு பிசைகிறார்கள்.

விலை குறைந்த ஸ்டாண்ட் மிக்ஸர்களில் இருப்பது பெரும்பாலும் கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த வேக மோட்டார். அதைக் குளிர வைக்கும் விசிறி அதே தண்டில்தான் சுற்றும். மாவு இறுகி மோட்டார் திணறும்போது வேகம் குறையும், விசிறிக் காற்றும் குறையும். சூடு அதிகம் வரும் நேரத்தில் காற்று குறைவு. கேக் கலவையில் இது தெரியவே தெரியாது. பன் மாவில்தான் மாட்டும்.

கவின் அம்மா

நன்றி தம்பி. அப்படியென்றால் வேகத்தை இன்னும் கூட்டினால் காற்று வருமே?

மோட்டார் செல்வம்

வேண்டாங்க. வேகம் கூடினால் மாவின் எதிர்ப்பும் கூடும், கியர் பல் உடையும். கிச்சன்எய்டு கையேட்டிலேயே ஈஸ்ட் மாவுக்கு 2-ஆம் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். மெதுவான வேகம், குறைந்த மாவு, இடையில் ஓய்வு. இந்த மூன்றும்தான் வழி.

ஈரோடு ரொட்டிக்காரர்

பேக்கரியில் பதினைந்து வருடம் மாவுப் பக்கம் நின்றவன். மிஷினைப் பற்றித் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார், நான் மாவைப் பற்றிச் சொல்கிறேன் அம்மா. நீங்கள் எதை எந்த வரிசையில் சேர்க்கிறீர்கள்? தண்ணீர், பால் எவ்வளவு?

கவின் அம்மா

1 கிலோ மைதாவுக்கு 520 மில்லி பால், 120 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய், ஈஸ்ட், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆன் செய்துவிடுவேன் அண்ணா.

ஈரோடு ரொட்டிக்காரர்

அங்கேதான் மிஷினுக்குப் பாரம். மைதாவையும் பாலையும் மட்டும் ஈரம் பிடிக்கும் அளவுக்கு, 2 நிமிடம், கலந்து மூடி வையுங்கள். 20 நிமிடம் சும்மா விடுங்கள். ஈரம் உள்ளே இறங்கி, பிசையாமலே மாவில் இழுவை, அதாவது கிழியாமல் நீளும் தன்மை, கூடும். பிறகு ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்து மெதுவான வேகத்தில் 4 நிமிடம். வெண்ணெயை எப்போதும் கடைசியில்தான் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. முதலிலேயே போட்டால் மாவைக் கொழுப்பு பூசிக்கொண்டு இழுவை வரத் தாமதமாகும், நீங்கள் அதிக நேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

பாலை 30, 40 மில்லி கூட்டிப் பாருங்கள். கையில் லேசாக ஒட்டினால் பயப்படாதீர்கள், புளித்து எழும்பும்போது சரியாகிவிடும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. உங்கள் சமையலறையே 33 இருக்கும், அதோடு ஹூக் உரசும் சூடும் சேரும். பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றுங்கள். காய்ச்சி ஆறவைத்த பாலாக இருக்கட்டும், ஆனால் ஜில்லென்று இருக்கட்டும்.

நேரம் பார்த்து நிறுத்தாதீர்கள். நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரு கையாலும் மெல்ல விரியுங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரிந்தால் போதும்.

மீனா கேக்ஸ் (மதுரை)

அக்கா, நானும் இதே வழியில் வந்தவள்தான். வாங்கும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். லிட்டர் என்பது கிண்ணம் எவ்வளவு கொள்ளும் என்பது மட்டும்தான். கையேட்டைக் கேட்டு வாங்கி, ரொட்டி மாவுக்கு அதிகபட்சம் எத்தனை கிராம் மைதா என்று பாருங்கள். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதும் அதிலேயே இருக்கும். 5 நிமிடம் என்று போட்டிருந்தால் அது கேக்குக்கான மிஷின். இந்த இரண்டு எண்ணையும் சொல்லாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

ஹூக் சுருள் வடிவமாக இருந்தால் மாவு மேலே ஏறிச் சுற்றிக்கொள்வது குறையும். கியர் உலோகமா, கார்பன் பிரஷும் கியரும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அது 120 வோல்ட், நமக்கு 230. என் அத்தை மகன் ஆசையாகக் கொண்டுவந்தான். கனமான டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டியதாயிற்று, வாரண்டியும் இங்கே செல்லவில்லை.

கவின் அம்மா

கிரைண்டரோடு மாவு பிசையும் பாகம் ஒன்று வந்தது, பரணில் கிடக்கிறது. அதை முயற்சி செய்யலாமா?

ஈரோடு ரொட்டிக்காரர்

தாராளமாக. ஆனால் அது சப்பாத்தி மாவுக்காகச் செய்தது. மாவு ஒன்று சேரும், பன்னுக்கு வேண்டிய இழுவை முழுதாக வராது. கொஞ்சம் கையாலும் மடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இட்லி மாவின் புளிப்பு துளியும் இல்லாமல் பாத்திரத்தைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கவின் அம்மா (12 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் 500 கிராம் மைதாவாக இரண்டு தடவை, அண்ணன் சொன்ன வரிசையில், 2-ஆம் வேகத்தில் போட்டேன். வாடை இல்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒரு மாவு ஊறும்போது இன்னொன்றைப் பிசைவதால் நேரமும் 15 நிமிடம்தான் கூடியது. பன் முன்பைவிட மென்மையாக இருக்கிறது என்று டீக்கடை அண்ணனே சொல்லிவிட்டார். கிரைண்டரில் 700 கிராம் போட்டுப் பார்த்தேன். நடுத்தண்டில் சுற்றிக்கொண்டது, வெண்ணெய் சரியாகச் சேரவில்லை. மிக்ஸர் கோளாறு சமயத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்போது 60 பன் கேட்கிறார்கள். அதனால் கோவைக்குப் போய், பையில் 1 கிலோ மைதாவும் ஃப்ளாஸ்க்கில் ஜில் பாலும் எடுத்துக்கொண்டு கடை ஏறினேன். நான் பார்த்து வைத்திருந்த 1500 வாட் மாடல் 7 லிட்டர் கிண்ணம். கையேட்டைத் திறந்தால் ரொட்டி மாவுக்கு 600 கிராம் மைதா, 5 நிமிடம் என்று இருந்தது. மீனா, உன்னை நினைத்துக்கொண்டேன். வைத்துவிட்டு வந்தேன்.

இன்னொரு கடையில் 1000 வாட், உலோக கியர், சுருள் ஹூக், 1.2 கிலோ மைதா என்று எழுதியிருந்தது. பிசைந்து காட்டச் சொன்னேன். 8 நிமிடம் ஓடியது. தலையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். மாவை விரித்தேன், விரல் நிழல் தெரிந்தது. 23,400 ரூபாய். வாங்கிவிட்டேன்.

ஒரே சந்தேகம். கேக் கலவை அடிக்கும் பீட்டர் கிண்ணத்தின் அடியை எட்டவில்லை, வெண்ணெய் கீழேயே தங்குகிறது.

மோட்டார் செல்வம்

தலை மடங்கும் இடத்தில் ஒரு திருகு இருக்கும் அக்கா, அதுதான் உயரம் வைப்பது. காலி கிண்ணத்தில் ஒரு சின்ன நாணயத்தைப் போட்டு, பீட்டரை மாட்டி, மிக மெதுவாக ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தை ஒரு செ.மீ. அளவுக்கு நகர்த்தினால் சரி. நகரவே இல்லையென்றால் தலையை இறக்குங்கள், நாணயம் நிற்காமல் ஓடினால் ஏற்றுங்கள். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

கவின் அம்மா

கால் சுற்று இறக்கினேன், நாணயம் நகர்கிறது. பழைய மிக்ஸரைக் கிரீமுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.