பெட்டி ஜூஸில் திராட்சை வைன்: ஆறு நாளாகியும் ஒரு குமிழி கூட இல்லை, உதவுங்கள்

ஜெலுத்தோங் மகள்:

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. முன்பு பட்டர்வொர்த்தில் தரைவீட்டில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் கறுப்புத் திராட்சை வாங்கி, பெரிய பீங்கான் சாடியில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவார். காலையில் எழுந்ததும் சாடி மேல் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சத்தம் வந்தால் "ம், வேலை செய்யுது" என்பார். கை நடுக்கம் வந்த பிறகு ஆறு வருஷமாக வீட்டில் யாரும் போடவில்லை. இந்த வருஷம் நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கும் போய்க்கொண்டு திராட்சையை ஆய்ந்து கழுவி நசுக்க முடியவில்லை. அதனால் பேரங்காடியில் ஒரு லிட்டர் திராட்சை ஜூஸ் பெட்டி ஐந்து வாங்கி, நான்கைச் சாடியில் ஊற்றினேன். அம்மாவின் கணக்குப்படி ஒரு கிலோ சீனி, ஒரு பிடி கோதுமை போட்டேன். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். வாயில் வெள்ளைத் துணி கட்டிச் சமையலறை மூலையில் வைத்தேன்.

இன்றோடு ஆறு நாள். மூன்றாம் நாள் இன்னொரு கரண்டி ஈஸ்ட் போட்டும் அசையவில்லை. நுரை இல்லை, சத்தம் இல்லை. அடியில் சேறு மாதிரி வெளுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. சுவை வெறும் சீனிப்பாகு. கெட்ட வாசனை இல்லை, பூஞ்சையும் இல்லை. அம்மா தினமும் வந்து காது வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கே தவறு?

ஈப்போ ரொட்டிக்காரர்:

தங்கச்சி, முதலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பொட்டலத்தைப் பிரித்து வெளியிலேயே வைத்திருந்தால் நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரம் செத்துவிடும். கொதிதண்ணீரில் கரைத்தாலும் போச்சு. அரைக் கோப்பைத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில். ஒரு கரண்டி சீனி, ஒரு கரண்டி ஈஸ்ட். பத்து பதினைந்து நிமிடத்தில் மேலே நுரை தொப்பி மாதிரி எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் புதுப் பொட்டலம் வாங்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஜெலுத்தோங் மகள்:

செய்து பார்த்தேன் அண்ணே. பத்தே நிமிடத்தில் கோப்பை வழிந்து மேசையெல்லாம் ஓடியது. ஈஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. சாடிக்குள் போனதும்தான் தூங்கிவிடுகிறது.

ஷா ஆலம் ஆய்வக ஆள்:

மீதி இருக்கும் ஜூஸ் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். ஒரு சொல்லையும் விடாதீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் திராட்சைக் கொத்துப் படம் நமக்கு வேண்டாம்.

ஜெலுத்தோங் மகள்:

மலாயில்தான் இருக்கிறது: "மினுமான் ஜுஸ் அங்கூர். ஆயர், கூலா, பாத்தி ஜுஸ் அங்கூர், அசிட் சித்ரிக். மெங்கண்டுங்கி பஹான் பெங்காவெட் யாங் டிபெனார்கான்." முதல் பாதி எனக்குப் புரிகிறது: திராட்சை ஜூஸ் பானம், அதில் தண்ணீர், சீனி, திராட்சைச் சாற்றுச் செறிவு, சிட்ரிக் அமிலம். சர்க்கரை 100 மில்லிக்கு 11 கிராம் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

ஷா ஆலம் ஆய்வக ஆள்:

கடைசி வரிதான் உங்கள் நோய். பஹான் பெங்காவெட் என்றால் கெடாமல் காக்கும் மருந்து. இந்த வகைப் பானங்களில் பெரும்பாலும் பொட்டாசியம் சோர்பேட் அல்லது சோடியம் பென்சோயேட் இருக்கும். சில பெட்டிகளில் பெயருக்குப் பதில் 202, 211 என்று எண்ணாகப் போட்டிருப்பார்கள். நான் பதினோரு வருஷம் ஜூஸ் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருந்தவன். அந்த மருந்தை எதற்காகப் போடுகிறோம் தெரியுமா? ஈஸ்டும் பூஞ்சையும் உள்ளே புகுந்து வேலை செய்யக் கூடாது என்பதற்காகத்தான். நம் வெயிலில் கடை அலமாரியில் பெட்டி உப்பிக்கொண்டால் யார் வாங்குவார்? ஆக, நீங்கள் ஈஸ்டைப் போட்டது ஈஸ்டை நிறுத்துவதற்கென்றே கலந்த தண்ணீரில்.

சோர்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருக விடாது. ஒரு கரண்டி ஈஸ்ட் பல மடங்கு பெருகினால்தான் நான்கு லிட்டரைச் சமாளிக்கும். உங்கள் சாடியில் போட்டது போட்டபடியே இருந்து, களைத்து, அடியில் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் பார்த்த வெளுத்த சேறு அதுதான்.

இரண்டாவது, சீனி. பெட்டியிலேயே லிட்டருக்கு 110 கிராம் இருக்கிறது. நான்கு லிட்டருக்கு 440. அதன்மேல் ஒரு கிலோ. சீனி கரைந்து அளவும் கூடும், கிட்டத்தட்ட 4.6 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 300 கிராமைத் தாண்டுகிறது. தோராயமாக லிட்டருக்கு 17 கிராம் சீனி ஒரு சதவீத ஆல்கஹால் ஆகும். அப்படியானால் அந்த ஈஸ்டிடம் நீங்கள் 18 சதவீதம் கேட்கிறீர்கள். ரொட்டி ஈஸ்ட் பத்துப் பன்னிரண்டிலேயே திணறும். அதோடு அவ்வளவு இனிப்பான கரைசல் ஈஸ்டின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், ஊறுகாயில் உப்பு செய்வது போல. மருந்து இல்லாத ஜூஸாக இருந்தாலும் இந்தச் சீனியில் நொண்டித்தான் நடந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் பெரியம்மா:

மகளே, அம்மாவின் கணக்குத் தப்பு என்று மட்டும் நினைத்துவிடாதே. எங்கள் வீட்டிலும் ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சீனிதான். அது முழுப் பழத்துக்கான கணக்கு. பழத்தில் தோல் இருக்கிறது, சதை இருக்கிறது, ஈஸ்டுக்குத் தீனி இருக்கிறது. அப்படியும் எல்லாச் சீனியும் வைன் ஆகாது, பாதியில் நின்று இனிப்பாகவே இருக்கும். நமக்கு அந்த இனிப்புதான் பிடிக்கும், கேக்கோடு குடிக்க. இன்னொன்று, என் மாமியார் சீனியை ஒரே நாளில் கொட்ட மாட்டார். முதல் நாள் பாதி, நுரை பொங்கி அடங்கிய பிறகு மீதி. உன் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார், கேட்டுப் பார்.

ஜெலுத்தோங் மகள்:

கேட்டேன் பெரியம்மா. "ஆமா, மூணு தடவையா போடுவேன், உனக்குச் சொல்லலையா?" என்கிறார். சொல்லவே இல்லை!

ஆய்வக அண்ணனிடம் இன்னும் சில கேள்விகள். இந்த நான்கு லிட்டரைக் கொதிக்க வைத்தால் மருந்து போய்விடுமா? பக்கத்து வீட்டு அக்கா பசாரில் வெள்ளை உருண்டையாக விற்கும் ராகியைப் பொடித்துப் போடச் சொல்கிறார், போடலாமா? என் கணவர் ஒரே பயம். 2018இல் சிலாங்கூரில் குடித்துச் செத்தார்களே, அந்த மாதிரி விஷமாகிவிடும், ஊற்றிவிடு என்கிறார்.

ஷா ஆலம் ஆய்வக ஆள்:

கொதிக்க வைத்தால் போகாது. சல்பைட் என்று ஒரு வகை உண்டு, அது காற்றுப் பட்டால் ஓரளவு பறக்கும், கொஞ்சமாக இருந்தால் வைன் ஈஸ்டும் தாங்கிக்கொள்ளும். சோர்பேட்டும் பென்சோயேட்டும் அப்படியே நிற்கும். கிண்ணம் கிண்ணமாக ஈஸ்டைக் கொட்டிச் சிலர் ஜெயித்திருக்கிறார்கள், ஆனால் குடித்தால் மாவுத் தண்ணீர் மாதிரி இருக்கும். அம்மாவுக்குக் கொடுக்கிற பொருளில் அந்த வேலை வேண்டாம். பூஞ்சை இல்லை என்கிறீர்கள், சரி. தெளிந்ததை வடித்து, நன்றாகக் கொதிக்க வைத்துப் பாகாகக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) மேல் ஊற்ற அருமையாக இருக்கும்.

ராகி உருண்டை வேண்டாம். நம் கேழ்வரகுக்கும் அதற்கும் பெயரைத் தவிர சம்பந்தம் இல்லை. 'தப்பாய்' என்ற புளித்த சோற்று இனிப்பைச் செய்ய வைத்திருக்கும் அந்த உருண்டையில் ஒரு பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்திருக்கும். சோற்று மாவைச் சீனியாக உடைப்பது பூஞ்சையின் வேலை. ஜூஸில் உடைக்க மாவே இல்லையே.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வருஷம் செப்டம்பரில் எத்தனை குடும்பம் அழுதது. ஆனால் அது பழச்சாறு புளித்ததால் வந்த விஷம் இல்லை. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த போலி மது. பழம் புளிக்கும்போது மிக மிகச் சிறிய அளவில் மெத்தனால் உண்டாகும், கடையில் விற்கும் வைனிலும் அது உண்டு. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள் வீட்டில்: காய்ச்சி வடிக்கும் வேலை எந்தக் காலத்திலும் கூடாது.

அடுத்த தடவை வாங்கும்போது "தன்பா பஹான் பெங்காவெட்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், மருந்து சேர்க்காதது என்று அர்த்தம். பெரும்பாலும் குளிர்பெட்டியில் இருக்கும். நூறு சதவீதத் திராட்சைச் சாறில் லிட்டருக்கு 150, 160 கிராம் சர்க்கரை இயல்பாகவே உண்டு, 50 கிராம் சீனி சேர்த்தால் 12 சதவீதத்துக்குப் போதும். ஆப்பிள் என்றால் இனிப்பும் குறைவு, ஈஸ்டுக்குத் தீனியும் குறைவு. பட்டினி கிடந்தால் அழுகிய முட்டை நாற்றம் விடும். அதற்கு ஒரு கரண்டி ரொட்டி ஈஸ்டைத் தண்ணீரில் கொதிக்க விட்டு ஆற்றி ஊற்றலாம், செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்குச் சாப்பாடு. வைன் ஈஸ்ட் 5 கிராம் பொட்டலம் ஒன்றே 20 லிட்டர் வரைக்கும் வரும். சூட்டைத்தான் கவனிக்க வேண்டும். பினாங்கு சமையலறை மத்தியானத்தில் 31, 32 டிகிரி இருக்கும், அந்தச் சூட்டில் வைன் தொண்டையைக் கீறும். சாடியைத் தண்ணீர் நிறைந்த பேசினில் உட்கார வைத்து ஈரத்துண்டு சுற்றுங்கள்.

வாயை இறுக்கி மூடவே கூடாது, காற்று அடைபட்டால் கண்ணாடி வெடிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் துணி போதும். அப்புறம் மூடியில் துளை போட்டு, ஒரு ரப்பர் குழாயின் மறுமுனையைத் தண்ணீர் தம்ளரில் முக்கி வையுங்கள். உள்ளே இருப்பது வெளியேறும், வெளியே இருப்பது உள்ளே போகாது. காற்றுப் புகுந்தால் கிறிஸ்துமஸுக்கு வினிகர்தான்.

முழுச் சாடிக்கு முன்னால் இரண்டு தம்ளரில் சோதித்துப் பாருங்கள். ஒன்றில் பழைய பெட்டி, ஒன்றில் புதியது. ஒரே அளவு ஈஸ்ட்.

செந்தூல் தம்பி:

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டில் மது தயாரிக்க, 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கவனிப்பது சுங்கத் துறை. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வீட்டில் போடுகிறோம், விற்பதில்லையே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரிய அளவில் தொடங்குவதற்கு முன் சுங்கத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறருக்குக் காசுக்குக் கொடுக்கும் எண்ணமே வேண்டாம்.

ஜெலுத்தோங் மகள்:

தம்பி, நல்லவேளை சொன்னீர்கள், எனக்கு இது தெரியாது. திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு நேரில் போய்க் கேட்கிறேன். அதுவரைக்கும் பெரிய சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பழைய நான்கு லிட்டர் பாகாகிவிட்டது, பிள்ளைகள் இப்போதே பாதியைக் காலி செய்துவிட்டார்கள்.

தம்ளர் சோதனை மட்டும் நேற்று இரவு ஒன்பது மணிக்குச் செய்தேன். இடது பக்கம் மீதியிருந்த ஐந்தாவது பெட்டி. வலது பக்கம் குளிர்பெட்டியில் வாங்கிய மருந்தில்லாத திராட்சைச் சாறு, கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் போன பிறகு. இரண்டிலும் கால் தேக்கரண்டி ஈஸ்ட். மேலே தட்டுப் போட்டு மூடினேன்.

காலை ஆறரைக்கு எழுந்தால் அம்மா எனக்கு முன்னாலேயே சமையலறையில் நிற்கிறார். இடது தம்ளர் நேற்று வைத்த மாதிரியே இருந்தது, அடியில் மட்டும் வெள்ளைப் படிவு. வலது தம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊதா நிற நுரை, கீழேயிருந்து ஊசி ஊசியாகக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்தார். கை நடுங்கிக் கொஞ்சம் சிந்தியது, நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் நீட்டி, "நீ கேளு" என்றார்.

மழை நின்ற பிறகு தகரக் கூரையில் சொட்டுவது போல, மெதுவாக, விடாமல் கேட்டது.