மைக்கேல் ஹனேகேயின் படங்கள்: பார்வையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

பின்வரிசை (கேள்வி)

ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹனேகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) படத்தைக் கடைசிவரை பார்த்து முடித்த எரிச்சலோடு எழுதுகிறேன். ஏரிக்கரையில் உள்ள விடுமுறை இல்லத்துக்கு வரும் ஒரு குடும்பத்தை, வெள்ளைக் கையுறை அணிந்து மிகப் பணிவாகப் பேசும் இரண்டு இளைஞர்கள், முட்டை கேட்கும் சாக்கில் உள்ளே நுழைந்து சிறைபிடித்து, காரணமே சொல்லாமல் ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். கதை அவ்வளவுதான். வன்முறை எனக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. இதைவிடக் கொடூரமான படங்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது வேறிடத்தில். இளைஞர்களில் ஒருவனான பவுல், நடுவில் கேமரா பக்கம் திரும்பி நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். பிறகு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் இவர்கள் செத்துவிடுவார்கள் என்று பந்தயம் கட்டிவிட்டு, நீங்கள் அவர்கள் பக்கம்தானே என்று நம்மிடமே கேட்கிறான். இறுதிப் பகுதியில் தாய் துப்பாக்கியைப் பறித்து மற்றவனைச் சுட்டுவிடும்போது, பவுல் ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டி, நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடுகிறான்.

வன்முறையை வேடிக்கை பார்க்கிற நீயும் இதற்கு உடந்தை என்று படம் சொல்வது புரிகிறது. ஆனால் இந்தக் கொலைகளைக் கற்பனை செய்து, எழுதி, நடிக்க வைத்துப் படமாக்கியவர் யார்? விருந்துக்கு அழைத்துவிட்டு ஏன் வந்தாய் என்று அதட்டுவது போல் இருக்கிறது. போதாக்குறைக்கு, பாதியில் எழுந்து போகிறவருக்கு இந்தப் படம் தேவையில்லை, கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கே இது தேவை என்ற பொருளில் அவர் சொல்லியும் இருக்கிறார். எழுந்து போனாலும் அவருக்கு வெற்றி, உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு வெற்றி. இதை வாதம் என்று எப்படி ஏற்பது? அவருடைய மற்றப் படங்களும் இப்படித்தான் என்றால் தொடர்ந்து பார்ப்பதில் பொருள் உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சட்டகம்

நண்பரே, உங்கள் கோபம் நியாயமானதுதான். அதை வரவழைப்பதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும் விருந்து என்ற உவமையோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படத்தில் என்ன காட்டப்படுகிறது, என்ன காட்டப்படவில்லை என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். சிறுவன் கொல்லப்படும்போது நாம் பவுலோடு சமையலறையில் நிற்கிறோம். அவன் தனக்குச் சாப்பிட ஏதோ எடுத்துக்கொண்டிருக்கிறான், வரவேற்பறையிலிருந்து வெடிச்சத்தமும் அலறலும் கேட்கின்றன, கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அதற்குப் பிறகு நாம் காண்பது, கார்ப் பந்தயம் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும், இரத்தம் வழியும் ஒரு தொலைக்காட்சித் திரை.

அடுத்து வருவது ஏறத்தாழப் பத்து நிமிடம் வெட்டே இல்லாமல் நீளும் காட்சி. கை கால்கள் கட்டப்பட்ட தாய் நெடுநேரம் அசையாமல் இருக்கிறாள். பிறகு மெல்ல எழுந்து, தத்தித் தத்திச் சென்று, அந்தத் தொலைக்காட்சியை அணைக்கிறாள். வழக்கமான திகில் படம் மரணம் நிகழ்ந்த அடுத்த நொடியே துரத்தலுக்கோ பழிவாங்கலுக்கோ தாவிவிடும். துக்கத்துக்கு அங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஹனேகே மரணத்தைக் கழித்துவிட்டு, மற்றவர்கள் வெட்டி எறியும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் நம் முன்னால் வைக்கிறார். மனிதர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுவது படம் முழுவதிலும் நேரடியாகத் திரையில் தெரிகிற ஒரே இடம், தாய் அந்த இளைஞனைச் சுடுகிற இடம்; அதாவது நாம் விரும்பி எதிர்பார்த்த கொலை. ரிமோட் பறித்துக்கொள்வதும் அதைத்தான்.

தொடக்கத்தில் படகுக்குள் ஒரு கத்தி விழுவதைக் கேமரா தெளிவாகக் காட்டும். அப்படிக் காட்டப்பட்ட கத்தி கடைசியில் எவரையாவது காப்பாற்றும் என்பது இந்த வகைப் படங்கள் நமக்குப் பழக்கிவைத்த நம்பிக்கை. கடைசியில் தாயின் கை அதை எட்டும்போது, அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் பிடுங்கித் தண்ணீரில் எறிந்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் பேச்சுவாக்கில் அவளையும் ஏரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே இன்பத்தை ஊட்டிவிட்டுப் பிறகு திட்டுகிற படமாக எனக்கு இது தோன்றவில்லை. கேட்ட இன்பத்தை ஒவ்வொரு முறையும் தர மறுத்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நமக்கே தெரியவைக்கிற படம் இது. கண்ணடிப்பது மட்டும் மிகை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு நொடியில் கலைஞர் விலகிக்கொண்டு ஆசிரியர் பிரம்போடு வந்துவிடுகிறார்.

கறுப்புத்திரை

மேலே 'மனிதர்' என்ற சொல்லைக் கவனமாகச் சேர்த்திருக்கிறீர்கள். என் மனக்குறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 'பென்னிஸ் வீடியோ' (1992) ஒரு பன்றி கொல்லப்படும் வீடியோவோடு தொடங்குகிறது. அது நடிப்பன்று, உண்மையான சாவு, அதையும் கதையின் மையமான பென்னி என்ற பையன் பின்னோட்டி மெதுவாக மறுபடி பார்க்கிறான். 'தி செவந்த் காண்டினென்ட்' (1989) படத்தில் உடைக்கப்பட்ட தொட்டியிலிருந்து சிதறிய மீன்கள் தரையில் துடிப்பதைக் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மனிதச் சாவைக் காட்சிப்பொருளாக்கக் கூசுகிற ஒருவர் விலங்கின் சாவுக்குக் கூசவில்லை என்பதை அவருடைய ஆதரவாளர்கள் எளிதில் கடந்துபோகிறார்கள். இதற்கு நிறைவான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

வெளிச்சக்கோடு

'ஃபன்னி கேம்ஸ்' குறித்துக் கேள்வி கேட்டவரின் பக்கமே நிற்கிறேன். பிரெஞ்சு இயக்குநர் ழாக் ரிவெட் அந்தப் படத்தை மிகக் கடுமையான சொற்களால் நிராகரித்தவர். ஆகவே இந்த எரிச்சல் திரைப்பட மொழி தெரியாதவர்களுக்கு மட்டும் வருவது என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. நண்பர் 'சட்டகம்' விளக்கிய நுட்பங்கள் எல்லாம் படத்தில் இருக்கின்றன. என் சிக்கல், அந்தக் குற்றச்சாட்டு முகவரி இல்லாமல் அனுப்பப்பட்ட கடிதமாக இருப்பதுதான். 2007இல் ஹனேகே நேயோமி வாட்ஸ், டிம் ராத் ஆகியோரை வைத்து அதே படத்தைக் காட்சிக்குக் காட்சி மாறாமல் ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார். தொடக்கத்திலிருந்தே அமெரிக்கப் பார்வையாளர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய படம் என்பதால் அவர்கள் மொழியிலேயே கொண்டுசேர்ப்பதாகச் சொன்னார். அவர்களோ பெரும்பாலும் திரையரங்குக்கு வரவே இல்லை. படம் அங்கே வசூலில் தோற்றது. வந்தவர்கள் ஹனேகேயின் பெயரை அறிந்து வந்த, வன்முறைப் படங்களைப் பற்றி ஏற்கெனவே அவரைப் போலவே நினைக்கிற ஆட்கள். அவர்களைக் கண்டிப்பதில் என்ன துணிச்சல் இருக்கிறது?

இதே மனிதர் 'கஷே' (2005) படத்தில் குற்றச்சாட்டுக்குப் பெயரும் ஆண்டும் ஊரும் கொடுத்தார். அதனால்தான் அதை என்னால் உதறிவிட முடியவில்லை. ஒரு வீட்டின் முகப்பை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியோடு படம் தொடங்குகிறது. எழுத்துகள் ஓடி முடிகின்றன, தெருவில் ஓரிருவர் கடந்துபோகிறார்கள், திடீரென்று படத்தின் மேல் கோடுகள் ஓட, நாம் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ அனுப்பிய ஒளிநாடா என்றும், வீட்டுக்காரர்கள் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தெரிகிறது. படம் முழுவதையும் டிஜிட்டலில் எடுத்ததால் நாடாவில் உள்ள காட்சிக்கும் கதையின் காட்சிக்கும் தரத்தில் வேறுபாடு தெரியாது. இதற்குப் பிறகு எந்த அசையாக் காட்சியையும் ஐயமின்றிப் பார்க்க முடிவதில்லை.

டானியல் ஓத்தோய் நடிக்கும் ஜார்ஜ், தொலைக்காட்சியில் புத்தகங்களைப் பற்றிய நிகழ்ச்சி நடத்துபவர். பதிவான உரையாடலில் எதை நீக்குவது என்று படத்தொகுப்பு அறையில் அவர் சொல்லும் காட்சியும் உண்டு. சிறுவயதில் அவர் தம் வீட்டில் வளரவிருந்த மஜீத் என்ற அல்ஜீரியச் சிறுவனைப் பொய் சொல்லி வெளியேற்றியவர். மஜீதின் பெற்றோர் 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள். அன்று ஊரடங்கை எதிர்த்து அமைதியாகத் திரண்ட அல்ஜீரியர்களைக் காவல்துறை அடித்துக் கொன்று, பலரை சேன் ஆற்றில் வீசியது உண்மை வரலாறு; இறந்தோர் எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. காவல்துறைத் தலைவராக இருந்த மொரீஸ் பப்போன் பின்னாளில் அமைச்சராகவும் ஆனார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாடாக்களை அனுப்பியவர் யார் என்பதற்குப் படம் கடைசிவரை விடை தருவதில்லை. அந்த ஆளைத் தேடுவதிலேயே நாம் மும்முரமாகிவிடுகிறோம். ஜார்ஜும் தாம் செய்ததைப் பற்றி நினைக்காமலிருக்க அதையேதான் செய்கிறார். கண்ணடிக்காமல், கேள்வி கேட்காமல், துப்பறியும் கதையின் ஆர்வத்தை வைத்தே நம்மை ஜார்ஜின் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார் ஹனேகே. மஜீதின் அறையில் நிகழும் அந்தத் திடீர்ச் சாவைப் பற்றி எழுதி, பார்க்கப் போகிறவரின் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

பின்வரிசை

விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. கொலைகள் திரைக்கு வெளியே நடப்பதைக் கவனித்திருந்தேன். தாய் சுடுவது மட்டும் திரையில் நடக்கிறது என்பதை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அந்த அளவுக்குப் படம் நான் நினைத்ததைவிட நேர்மையாக இருக்கிறது. ஆனாலும் பவுல் பந்தயம் கட்டும் காட்சியின் தொனி எனக்கு உவப்பாகவில்லை. இன்னொரு ஐயம்: 'அமூர்' (2012) படத்தை மிக மென்மையானது என்று பலர் சொல்கிறார்கள். சீண்டுவதை அவர் அதில் விட்டுவிட்டாரா?

சட்டகம்

மென்மையானது என்பதை நான் ஏற்க மாட்டேன். ழான்-லூயி திரந்தினியான், எம்மானுவேல் ரிவா இருவரும் முதிய இசை ஆசிரியத் தம்பதியாக நடிக்கிறார்கள். பக்கவாதத்தால் படுத்துவிட்ட மனைவியைக் கணவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். முறை அதேதான்: நீண்ட காட்சிகள், தொடக்கக் காட்சிகளுக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியேறாத கேமரா, உணர்ச்சியைத் தூண்டுவதற்கென்று பின்னணியில் இசையே இல்லை. கணவர் மனைவியின் முகத்தில் தலையணையை அழுத்தும் காட்சி வெட்டில்லாமல் வரும்போது, அது அன்பா கொலையா என்று முடிவுசெய்யும் பொறுப்பை முழுவதுமாக நம்மிடம் விட்டுவிடுகிறார். 'ஃபன்னி கேம்ஸ்' நமக்காக எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டது. 'அமூர்' படத்துக்குக் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையும் பிறகு சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்காரும் கிடைத்தன என்பதற்காக அவர் சமாதானமாகிவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

விலங்குகள் பற்றிய கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. 'கஷே' படத்தில் கொல்லப்படும் சேவலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சக்கோடு

தொடர்ந்து பார்ப்பதானால் 'கஷே', அடுத்து 'தி செவந்த் காண்டினென்ட்' என்ற வரிசையைப் பரிந்துரைப்பேன். இரண்டாவதில் ஒரு குடும்பம் தன் சேமிப்புப் பணம் முழுவதையும் கட்டுக்கட்டாகக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் காட்சி வருகிறது. சாவைவிட அந்தக் காட்சிதான் மக்களைப் பதற வைக்கும் என்று ஹனேகே தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னதாகவும், கானில் அப்படியே ஆனதாகவும் ஒரு நேர்காணலில் குறிப்பிட்டிருக்கிறார். 'தி பியானோ டீச்சர்' (2001) இசபெல் யூப்பேரின் நடிப்புக்காகக் கட்டாயம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதைத் தனியாக, வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.