வார்னேவை எடைபோட இதுவா நேரம்? (கவாஸ்கர் பேச்சை முன்வைத்து)

மெரினா கேலரி:
நாலு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. 2022 மார்ச் 4 அன்று பழைய ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்த செய்தி கேட்டு ஆஸ்திரேலியச் சுழல்பந்து வீச்சாளர் ஷேன் வார்னே இரங்கல் ட்வீட் போடுகிறார். அன்று சாயங்காலமே தாய்லாந்தில் கோ சாமுய் தீவில் அவரும் போய்விட்டார். 52 வயது. இயற்கை மரணம்தான் என்று போலீஸ் சொல்லிவிட்டது, அதோடு விட்டுவிடலாம்.

என்னால் விட முடியாதது வேறு. டிவியில் கவாஸ்கரிடம் "வார்னேதான் எல்லாக் காலத்துக்குமான சிறந்த சுழல்பந்து வீச்சாளரா?" என்று கேட்டார்கள். இல்லை, இந்தியச் சுழல்காரர்களையும் இலங்கையின் முத்தையா முரளிதரனையும் அவருக்கு மேலேதான் வைப்பேன், இந்தியாவுக்கு எதிராக அவர் ரெகார்டு சாதாரணம் என்று சொல்லிவிட்டார். உடம்பு இன்னும் ஊர் வந்து சேரவில்லை. எழவு வீட்டில் உட்கார்ந்து யாராவது கணக்கு நோட்டைப் பிரிப்பார்களா?

1998 மார்ச் 6 அன்று இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட்டுக்கு நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். சித்து இறங்கி வந்து வார்னேவை வெளுத்துக்கொண்டிருந்தார், நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அப்புறம் சச்சின் வந்தார். ஒரு பவுண்டரி. ஐந்தாவது பந்து, ஸ்லிப்பில் மார்க் டெய்லர் கையில். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் தயிர்சாதப் பொட்டலத்தைப் பாதி பிரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தனை ஆயிரம் பேர் இருந்த மைதானத்தில் வார்னேவும் அவருடைய ஆட்களும் போடும் கூச்சல் மட்டும் கேலரி வரை கேட்டது. இதை எந்த ரெகார்டு புத்தகத்தில் தேடுவது?

ஃபுல்டாஸ்:
அண்ணே, அந்தக் கதையின் மீதியையும் சொல்லுங்கள். இரண்டாவது இன்னிங்ஸில் அதே சச்சின் 155 நாட் அவுட். மேட்ச் 179 ரன்னில் நம்ம பக்கம். வார்னேவுக்கு அந்த இன்னிங்ஸில் 1 விக்கெட்.

இந்தியாவில் 9 டெஸ்ட், 34 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால்தான் நல்லது) 43.11. மொத்த சராசரி 25.41 உள்ள ஆளுக்கு இது. கவாஸ்கர் பொய்யா சொன்னார்? எழவு வீடு என்றால் அது மெல்பர்னில் இருக்கிறது. நாம் இருப்பது தெருமுனை டீக்கடை. டீக்கடையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

இன்னொன்று, செத்துப்போன உடனே எல்லாரையும் சாமி ஆக்கிவிடுகிறோம். புக்கியிடம் (சூதாட்டத் தரகர்) பணம் வாங்கியது, 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் தடை செய்யப்பட்ட மாத்திரை விவகாரத்தில் மாட்டி ஒரு வருஷம் தடை வாங்கியது எல்லாம் இந்த நாலு நாளில் எங்கே போனது?

கண்டி வீதி:
வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் வோர்ன் என்றுதான் எழுதுவோம், கோபிக்க வேண்டாம்.

கவாஸ்கர் சொன்ன நேரம் பிழை, சொன்ன விஷயம் சரி. முரளி 133 டெஸ்ட்டில் 800 விக்கெட், சராசரி 22.72. வோர்ன் 145 டெஸ்ட்டில் 708. இதற்கு மேல் என்ன கதை? முரளிக்கு மறுமுனையில் வோர்னுக்கு இருந்தது போல வேகப்பந்துக்கு மக்ராவும் இல்லை, கில்லெஸ்பியும் இல்லை. வாஸ் ஒருவர்தான். காலையில் பந்தைக் கையில் எடுத்தால் மாலை வரை அவரேதான் போட வேண்டும்.

மெரினா கேலரி:
கண்டி வீதி சார், அந்த 800-இல் 176 பங்களாதேஷ், ஜிம்பாப்வேக்கு எதிராக எடுத்தது. வார்னேவுக்கு அந்த இரண்டு அணிகள் மேல் கிடைத்தது வெறும் 17. ஆஸ்திரேலிய மண்ணில் முரளி 5 டெஸ்ட்டில் 12 விக்கெட்தான், சராசரி 75. இந்தியாவிலும் அவர் சராசரி 45-ஐத் தாண்டும். இந்தியாவில் அடி வாங்கியதால் வார்னே சின்ன ஆள் என்றால் முரளிக்கும் அதே தராசுதானே?

கண்டி வீதி:
சரி, அந்த 176-ஐயும் கழியுங்கள், வோர்னுடைய 17-ஐயும் கழியுங்கள். முரளி 108 போட்டியில் 624. வோர்ன் 142-இல் 691. போட்டிக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள் அண்ணை. முரளிக்கு 5.8 வரும், வோர்னுக்கு 5 கூட வராது.

அவுஸ்திரேலியாவில் ஏன் 12? 1995 பாக்ஸிங் டே அன்று மெல்பர்னில் நடுவர் டாரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-போல் சொன்னாரே, அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு மனிதன் நிம்மதியாகப் பந்து போட முடியுமா? 2004-இல் முரளி பந்தை எறிகிறார் என்று அந்த நாட்டுப் பிரதமரே சொன்னார். முரளி அந்தச் சுற்றுப்பயணத்துக்கே போகவில்லை. வோர்னை எந்த ஊரிலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கூக்ளி மாமா:
பிள்ளைகளா, வகுத்தல் கழித்தல் போதும். நான் கிளப் லீக்கில் பதினோரு வருஷம் லெக் ஸ்பின் போட்டவன். விக்கெட் எத்தனை என்று கேட்காதீர்கள், மானம் போய்விடும்.

லெக் ஸ்பின் எவ்வளவு கஷ்டம் என்று போட்டவனுக்குத்தான் தெரியும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, தோளுக்கு மேலே கொண்டுவந்து, மோதிர விரலால் பந்தின் தையலைச் சுண்ட வேண்டும். ஒரு சீசன் போட்டால் அந்த விரலின் ஓரம் தோல் உரிந்து, சாம்பாரில் கை வைத்தால் எரியும். பிடி அரை அங்குலம் மாறினாலும் பந்து ஒன்று ஃபுல்டாஸ் (தம்பி பேர் வைத்துக்கொண்டதற்கு நன்றி), இல்லை பாதிப் பிட்சில் குத்தும். அதனால்தான் எண்பதுகளில் பாகிஸ்தானின் அப்துல் காதிரைத் தவிர உலகத்தில் இந்தக் கலையை நம்பி டீமில் ஆள் எடுத்தவர் அரிது. எங்கள் கோச் என்னிடம், "பேசாமல் ஆஃப் ஸ்பின் போடு, டீமில் இடம் கிடைக்கும்" என்றார்.

அப்போது வந்தார் இந்தத் தடியன் வார்னே. தங்க முடி, காதில் கம்மல், தொப்பை. 1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்ட். ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) அவருடைய முதல் பந்து. எல்லாரும் பந்து திரும்பியதைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் திரும்பியதைவிடக் காற்றில் சரிந்ததுதான் விஷயம். நேராக வருவது போல வந்து கடைசி நேரத்தில் லெக் பக்கம் ஒதுங்கிப் போய் விழுந்தது. எதிரே நின்ற இங்கிலாந்தின் மைக் கேட்டிங் ஒன்றும் சுழல் தெரியாத ஆள் இல்லை. காலை நீட்டி, மட்டையைப் பக்கத்தில் வைத்து, பாடப்புத்தகத்தில் இருப்பது போலத்தான் ஆடினார். பந்து அவரைத் தாண்டிப் போய் ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. விரலில் அவ்வளவு சுழற்சி கொடுத்தால்தான் காற்றில் அப்படிச் சரியும்.

ஃபிளிப்பர் இன்னொரு கதை. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பந்தை வைத்துச் சொடக்குப் போடுவது போலப் பிதுக்கி விடுவது. குட்டையாக வருகிறது என்று நினைத்து பேட்ஸ்மேன் புல் ஆட மட்டையை ஓங்குவான். அது எழும்பாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். 1996-இல் விரலில் ஆபரேஷன், 1998-இல் தோளில் ஆபரேஷன். அதன்பின் ஃபிளிப்பர் பழையபடி இல்லை. ஆனாலும் 2005 ஆஷஸில், வயது 35-ஐத் தாண்டியபின், தோற்ற டீமில் நின்று 40 விக்கெட் எடுத்தார். மட்டையிலும் 249 ரன்.

முரளி கிட்டே வேறு அதிசயம். அந்த மணிக்கட்டு கடவுள் கொடுத்தது, இன்னொருத்தருக்கு வராது. வார்னேவைப் பார்த்து உலகம் பூராவும் பையன்கள் லெக் ஸ்பின் போட ஆரம்பித்தார்கள். இரண்டையும் ஒரே நிறுவையில் போடாதீர்கள்.

மஞ்சள் சட்டை:
2008 ஜூன் 1. ஐபிஎல் ஃபைனல், நம்ம சென்னையும் வார்னேவின் ராஜஸ்தானும். பாலாஜி கடைசி ஓவர். கடைசிப் பந்து. தன்வீர் அடிக்கிறார், மறுமுனையில் வார்னே ஓடுகிறார். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். இன்றும் வலிக்கிறது. ஆனால் பெரிய பெயர்களே இல்லாத டீமை கேப்டனாகவும் கோச்சாகவும் இழுத்துக்கொண்டு வந்து முதல் ஐபிஎல் கோப்பையை வாங்கினாரே, அதை எந்தத் தராசில் வைப்பீர்கள்? அந்த டீமில் இருந்த ஒரு சின்னப் பையனை ராக்ஸ்டார் என்று கூப்பிட்டார். அந்த ஜடேஜாதான் பின்னாளில் சென்னை டீமுக்கு வந்து நம்ம வீட்டுப் பிள்ளை ஆனார்.

நிர்வாகி:
ஐபிஎல் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

யாரா ஆற்றங்கரை:
நான் மெல்பர்னில் இருபது வருஷமாக இருக்கிறேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், அப்புறம் சண்டையைத் தொடருங்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்து எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) பக்கம் போனேன். வார்னே சிலையின் காலடியில் பூ இருந்தது, சரி. அதோடு பீர் கேன், சிகரெட் பாக்கெட், மீட் பை, ஒரு டின் பேக்டு பீன்ஸ். என் மகன் "அம்மா, பீன்ஸ் எதுக்கு?" என்றான். 1998 இந்தியச் சுற்றுப்பயணத்தில் நம்ம ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவருக்காக இங்கிருந்து பீன்ஸ் டின்களை அனுப்பிய கதையைச் சொன்னேன். சென்னைக்குப் போய் தோசை சாப்பிடாத ஆளா என்று அவனுக்கு ஒரே சிரிப்பு.

ஃபுல்டாஸ் தம்பிக்கு ஒன்று. இங்கே யாரும் அவரைச் சாமி ஆக்கவில்லை. சாமிக்கு யாராவது சிகரெட் பாக்கெட் வைப்பார்களா? (சில ஊரில் சுருட்டு வைப்போம், அது வேறு.) அவருடைய வண்டவாளம் எல்லாம் இந்த ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சிலைக்கு முன்னால் ஆம்பளைகள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எம்சிஜியின் தெற்கு ஸ்டாண்டுக்கு அவர் பெயர் வைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்துவிட்டது.

ஃபுல்டாஸ்:
அக்கா, அதுதான் என் பிரச்சினையே. தெரிந்தும் மன்னிப்பது அவர் என்பதால்தான். 1994-இல் கொழும்பில் "ஜான்" என்ற புக்கி அவருக்கு 5,000 டாலர் கொடுத்தான். அப்புறம் அவனிடம் பிட்ச், வானிலை விவரம் சொன்னார். போர்டு ரகசியமாக அபராதம் போட்டு மூடி வைத்தது. 1998 டிசம்பரில்தான் வெளியே வந்தது. இதையே ஒரு பாகிஸ்தான் வீரரோ நம்ம ஆளோ செய்திருந்தால் குறும்புக்காரப் பையன் என்று சிரித்திருப்பார்களா?

மெரினா கேலரி:
அதே 1994-இல் கராச்சியில் மோசமாகப் பந்து போட 2 லட்சம் டாலர் தருவதாகப் பாகிஸ்தான் கேப்டன் சலீம் மாலிக் சொன்னபோது வேண்டாம் என்றவரும் அவர்தான். விஷயத்தை மேலேயும் சொன்னார். அந்த டெஸ்ட்டில் ஆஸ்திரேலியா ஒரு விக்கெட்டில் தோற்றது. ஆனாலும் ஜான் விஷயத்தில் நீ சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். போர்டு மூடி மறைத்தது அசிங்கம். அம்மா கொடுத்த மாத்திரை என்று அம்மாவைக் கைகாட்டியதும் நன்றாக இல்லை.

ஆனால் நான் கேட்டது வேறு. இந்த வாரம் அதையெல்லாம் பேசத்தான் வேண்டுமா?

கண்டி வீதி:
நான் ஒன்று சொல்ல வேண்டும். 1992 ஓகஸ்ட், கொழும்பு எஸ்எஸ்சி மைதானம். நான் பள்ளிக்கூடப் பெடியன், வானொலியில் வர்ணனை. எங்களுக்கு வெல்ல 181 ஓட்டம். 127-க்கு 2. டெஸ்ட்டில் அவுஸ்திரேலியாவை முதன்முதலாக வெல்லப் போகிறோம். அதுவரை வோர்ன் தன் டெஸ்ட் வாழ்க்கையில் 335 ஓட்டம் கொடுத்து எடுத்தது ஒரேயொரு விக்கெட். அதுவும் சிட்னியில் 206 அடித்து முடித்த ரவி சாஸ்திரி. கப்டன் போர்டர் பந்தை அவர் கையில் கொடுத்தபோது நாங்கள் சிரித்தோம். கடைசி மூன்று விக்கெட்டையும் ஒரு ஓட்டம் கொடுக்காமல் எடுத்தார். 16 ஓட்டத்தில் தோற்றோம். ஐயா வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார், இரவு சாப்பிடவும் வரவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, தடை முடிந்து வந்து அவர் ஆடிய முதல் டெஸ்ட்டும் எங்கள் நாட்டில்தான். 2004 மார்ச், காலி. பத்து விக்கெட், மொத்தம் 500 விக்கெட்டையும் அங்கேதான் தாண்டினார். அடுத்த வாரம் கண்டியில் முரளியும் 500. அந்த வருடக் கடைசியில் அதே காலி மைதானத்தைச் சுனாமி தின்றுவிட்டது. வோர்ன் வந்து முரளியோடு நின்று பார்த்தார்.

நான் முரளி பக்கம்தான், மாற மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு செய்தி கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வானொலிதான்.

கூக்ளி மாமா:
2004 அக்டோபரில் சேப்பாக்கத்தில் வார்னே இர்ஃபான் பதானை எடுத்து முரளியின் 532 விக்கெட்டைத் தாண்டினார், நான் பெவிலியன் பக்கம் இருந்தேன். அந்த இன்னிங்ஸில் 125 ரன்னுக்கு 6 விக்கெட். இந்தியாவில் அவருடைய சிறந்த பந்துவீச்சு அதுதான். அதே மேட்சில் கும்ப்ளே 13 எடுத்தார், அதை யாரும் பேசுவதில்லை. கடைசி நாள் மழை, டிரா.

1998-க்கும் ஒரு குறிப்பு. வார்னே லெக் ஸ்டம்புக்கு வெளியே தேய்ந்த இடத்தில் குத்துவார் என்று தெரிந்து, சச்சின் நம்ம பழைய லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணனைச் சென்னை வலையில் அதே மாதிரி போடச் சொல்லிப் பழகினார். ஒரு பந்துவீச்சாளரை எதிர்கொள்ள இவ்வளவு வீட்டுப்பாடம் என்றால் அது யாருக்கு மரியாதை?

ஃபுல்டாஸ்:
சச்சினுக்கு.

மெரினா கேலரி:
இப்போது செய்தி வந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவும் கூடாது, நான் பதில் சொல்லியிருக்கவும் கூடாது, நேரம் சரியில்லை என்று கவாஸ்கரே சொல்லிவிட்டார். தம்பி?

ஃபுல்டாஸ்:
நேரம் சரியில்லை என்றுதான் சொன்னார், கருத்து தப்பு என்று சொல்லவில்லை. நானும் அங்கேயே நிற்கிறேன்.

மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1995 சிட்னி டெஸ்ட்டில் பாகிஸ்தானின் பாசித் அலிக்கு வார்னே போட்ட பந்தை நேற்று ராத்திரி பார்த்தேன். நாளின் கடைசிப் பந்து. வார்னேவும் விக்கெட் கீப்பர் ஹீலியும் பிட்ச் நடுவில் நின்று ராத்திரி எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம், பாசித் தவித்தபடி காத்திருக்கிறார். அப்புறம் கால்களுக்கு நடுவில் புகுந்து போல்டு. பந்து எங்கே குத்தியது? நாலு தடவை ஓட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கூக்ளி மாமா:
தேய்ந்த இடத்தில், லெக் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே. பந்தைப் பார்க்காதே, பாசித்தின் முன்காலைப் பார். ஐந்தாவது தடவை ஓட்டு.