குழலுறை: ட்யூப் லைட்டுக்கு மாட்டும் நிற உறையை என்னவென்று சொல்வது?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஒளிப்பதிவுச் சொற்பட்டியலில் ட்யூப் லைட் உறைக்கு (படப்பிடிப்பில் வெளிச்சத்தின் நிறத்தைத் திருத்தக் குழல் மேல் போர்த்துவது) இதுவரை வந்த முன்மொழிவுகளை எல்லாம் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொருளின் பெயரையும் அது செய்யும் வேலையையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். சொல் நீண்டுபோவதும் பொருள் குழம்புவதும் அதனால்தான். இரண்டையும் பிரித்துவிடலாம் என்பது என் வேண்டுகோள்.

> உடனொளிர்விளக்கு நிறவடிகட்டிக் குழாயுறை என்பதே எல்லாக் கூறுகளையும் தாங்கிய முழுமையான சொல்.

முழுமையான சொல்தான், ஐயா. ஆனால் இது ஏணி மேல் நிற்கும் லைட்மேனிடம் கீழிருந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய சொல். அந்த இடத்தில் சொல்லிப் பழக முடிந்தால்தான் புழங்கும். 'உடனொளிர்வு' (ஃப்ளூரசன்ஸ்) இயற்பியல் பாடத்துக்குப் பொருத்தமான சொல், அங்கே இருக்கட்டும். விளக்கைக் குறிக்க 'குழல்விளக்கு' பல காலமாகவே நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து குழலை மட்டும் எடுத்து, கையுறை, காலுறை போகும் வழியில் 'குழலுறை' என்று சொல்லிவிட்டால் போதும். கைக்குப் போடுவது கையுறை, குழலுக்குப் போடுவது குழலுறை. முதல்முறை கேட்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நியான் விளக்கும் குழல்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியான் குழல் எழுத்துக்கும் படத்துக்கும் தக்கபடி வளைத்துச் செய்யப்படுவது. நேர்க் குழாயாக வரும் உறை அதன் மேல் ஏறாது. குழப்பம் வர வழியில்லை.

அடுத்தது வடிகட்டி. லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடிக்கு 'நிறவடிப்பான்' நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. உறையின் பெயருக்குள் அதைத் திணிக்க வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழலுறையும் நிறத்துக்காக மாட்டுவதில்லை. உணவுத் தொழிற்சாலைகளில் ட்யூப் உடைந்தால் சில்லு கீழே விழாமல் இருக்க நிறமே இல்லாத உறையைப் போடுகிறார்கள். அருங்காட்சியகங்களில் பழைய துணியும் ஓவியமும் வெளிறாமல் இருக்கப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் உறை போடுகிறார்கள். வடிவம் ஒன்றுதான், வேலை வெவ்வேறு. பொருளுக்குப் பொதுப்பெயர் இருந்தால் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

> நிறவுறை அல்லது வண்ணச்சட்டை. எளிமை, இனிமை.

இனிமைக்கு நானும் உடன்படுகிறேன். பாம்புச் சட்டையைச் சொல்லும் மொழியில் குழலுக்குச் சட்டை போடுவது ஒட்டாத உவமையும் அல்ல. ஆனாலும் 'வண்ணம்' தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் ட்யூப் லைட் மேல் சிவப்பும் பச்சையுமாக ஜெலட்டின் பேப்பரைச் சுற்றிக் கட்டுவார்கள். வண்ணச்சட்டை என்றதும் மனம் அங்கேதான் போகும். அது நிறம் ஊட்டுவதற்காகச் செய்வது. படப்பிடிப்பில் இந்த உறையைத் தேடும்போது பெரும்பாலும் தேவை இதற்கு நேர்மாறானது. விளக்கில் மிகுந்திருக்கும் பச்சையைக் கழிக்க வேண்டும்.

பச்சை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெயர் அதைப் பொறுத்தது. குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவி மின்சாரம் பாயும்போது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரை உமிழ்கிறது. குழலின் உட்பக்கப் பூச்சு அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அதோடு பாதரசமே நேரடியாக 436 நானோமீட்டரில் நீலமும் 546 நானோமீட்டரில் பச்சையும் தருகிறது. சிவப்புப் பகுதி பழைய பூச்சுகளில் மெலிந்தே இருக்கும். கண் இதையெல்லாம் சமன் செய்துகொண்டு வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ஃபிலிம் ஏற்காது. பகலொளி ஃபிலிமில் சாதாரண ட்யூப் வெளிச்சத்தில் எடுத்த முகம் நோயாளியைப் போலப் பச்சை படர்ந்து வரும்.

இதைக் கெல்வின் கணக்கில், அதாவது ஒளியின் நிற வெப்பநிலையைச் சொல்லும் அளவில், சரிசெய்ய முடியாது. பகலொளி ஃபிலிம் 5500 கெல்வினுக்கும் டங்ஸ்டன் ஃபிலிம் 3200 கெல்வினுக்கும் தயாரானவை. கெல்வின் அளவு நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையே எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும்தான் சொல்லும். பச்சைக்கும் அதற்கு எதிர்நிறமான மெஜந்தாவுக்கும் (சிவப்பும் நீலமும் கலந்த நிறம்) இடையிலான தூரம் வேறொரு கோடு. டிஜிட்டல் கேமராவிலும் வெண்சமநிலைக்கு (ஒயிட் பேலன்ஸ்) பக்கத்தில் இதற்கென்று தனி அளவு இருப்பது அதனால்தான். ஆகவே 'வெப்பநிலைத் திருத்துறை' என்ற முன்மொழிவை விட்டுவிட வேண்டும். அது வேறு வேலைக்கான பெயர்.

லென்ஸில் ஒரு மெஜந்தா நிறவடிப்பானை மாட்டினால் தீராதா என்று கேட்கலாம். அறையில் ட்யூப் வெளிச்சம் மட்டும் இருந்தால் தீரும். ஜன்னல் ஒன்று சட்டகத்துக்குள் வந்துவிட்டால் வெளியே இருக்கும் வானமும் மரமும் மெஜந்தாவாகிவிடும். விளக்கை அதன் இடத்திலேயே திருத்தினால்தான் ஜன்னலும் முகமும் ஒரே சட்டகத்தில் ஒத்துப்போகும். குழலுறைக்குத் தேவை வந்தது இதனால்தான். ட்யூபின் கண்ணாடி டங்ஸ்டன் பல்பைப் போலக் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 40 டிகிரிதான் இருக்கும். அதனால் ஜெல்லை, அதாவது ஒளியின் நிறத்தை மாற்றும் மெல்லிய தாளை, குழலோடு ஒட்டியே போர்த்த முடிகிறது.

சரி, வேலைக்கான பெயருக்கு வருகிறேன். புழக்கத்தில் 'மைனஸ் கிரீன்', 'ப்ளஸ் கிரீன்' என்கிறார்கள். முதலாவது ட்யூப் மேல் போடும் மெஜந்தா ஜெல். இரண்டாவது நாம் கொண்டுபோகும் விளக்கின் மேல் போடுவது. பெரிய அலுவலகத்திலோ ரயில் நிலையத்திலோ எல்லா ட்யூபுக்கும் உறை போட்டு மாளாது. அங்கே நம் விளக்கையும் பச்சையாக்கி எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டு, பிறகு லென்ஸிலோ நிறத்திருத்தத்திலோ மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். பெயர் மாறி உறை மாறிப்போனால் அன்றைய படப்பிடிப்பே கெட்டுவிடும். 'நிறவுறை' இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

> மைனஸ் கிரீனுக்கு 'பச்சைநீக்கி' என்றால் நேரடியாகப் புரியுமே?

புரியும், ஆனால் பச்சையை முழுக்க நீக்கினால் அந்த ஒளியில் இலைகூடப் பச்சையாகத் தெரியாது. மிகையை மட்டும்தான் குறைக்கிறோம். அதனால் 'பச்சைத்தணிப்பி' என்கிறேன். இணையான மற்றதற்கு 'பச்சையூட்டி'. சுவையூட்டி, நிறமூட்டி எல்லாம் ஏற்கெனவே பழகியவை. தணிப்பி என்ற சொல்லில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. இந்த ஜெல் இருக்கும் ஒளியிலிருந்து குறைக்க மட்டுமே செய்யும், ட்யூபில் இல்லாத சிவப்பை அதனால் கொண்டுவர முடியாது. முழு அளவு ஜெல் போட்டால் வெளிச்சமும் அரை ஸ்டாப்புக்கு மேல் குறைந்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது).

அப்புறம் அளவு. முழு, பாதி, கால், எட்டில் ஒன்று என்று இந்த ஜெல்கள் வருகின்றன. ஜெல் தயாரிக்கும் லீ நிறுவனத்தின் வரிசையில் தணிப்பிகளின் எண்கள் முறையே 247, 248, 249, 279. தமிழில் எட்டில் ஒன்றுக்கு 'அரைக்கால்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. முழுப் பச்சைத்தணிப்பி, அரைப் பச்சைத்தணிப்பி, கால் பச்சைத்தணிப்பி, அரைக்கால் பச்சைத்தணிப்பி: எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ட்யூபின் பருமனும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. டி12, டி8, டி5 என்பதில் வரும் எண், அங்குலத்தில் எத்தனை அரைக்கால் என்பதுதான். டி12 ஒன்றரை அங்குலம், டி8 ஓர் அங்குலம், டி5 அரை அங்குலமும் ஓர் அரைக்காலும். உறை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான், ஆகவே சொற்பட்டியலில் இந்த விளக்கத்தையும் சேர்க்கலாம். ஏட்டுச்சுவடியோடு முடிந்துபோனதாக நினைத்த ஒரு பின்னப்பெயருக்கு இப்படி ஒரு வேலை கிடைப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ட்யூப் லைட்டே மறையப்போகிறதே என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் 2027க்குள் நேர்க்குழல்களின் உற்பத்தியை நிறுத்த 2023இல் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றிலும் பச்சை மிகுந்துதான் வருகிறது, அதே ஜெல்லைத்தான் அவற்றின் மேலும் போடுகிறார்கள். குழலுறை நாளை வழக்கொழிந்தாலும் பச்சைத்தணிப்பி தொடரும். பெயர்களைப் பிரித்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஜெல்'லை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அது இன்று ஜெலட்டினால் செய்வதும் அல்ல, பாலியெஸ்டர் தாள்தான், ஆனால் எல்லோர் வாயிலும் ஊறிவிட்டது. வேண்டுமென்றால் 'நிறத்தாள்' என்பதை மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் போடலாம்.

ஆக, பட்டியலுக்கு என் முன்மொழிவு: குழலுறை, பச்சைத்தணிப்பி, பச்சையூட்டி. தணிப்பியில் வரும் வல்லின மிகல் பற்றி இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதற்கு ஏற்கெனவே வேறு தமிழ்ப்பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், அதுதான் முதலில் பட்டியலில் ஏற வேண்டும். தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்.