நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக்: பயன்படுத்தியவர்கள் சொல்வது

2008 அக்டோபரில் அறிவித்த செட். விவரப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அன்றைய ஐபோன் 3ஜி-யை விட ஒரு படி மேல். 3.2 அங்குலத் திரையில் 640×360 புள்ளிகள், ஐபோனில் 3.5 அங்குலத்துக்கு 480×320தான். வீடியோ எடுக்கும், எஃப்.எம். உண்டு, பெட்டியிலேயே 8 ஜிபி மெமரி கார்டு. படுத்துவது இதன் இயங்குதளமான சிம்பியன் எஸ்60. பட்டன் போனுக்கு எழுதியதன் மேல் டச்சை ஏற்றிவிட்டார்கள். மெனுவில் ஐகானை ஒரு தடவை தொட்டால் திறக்கும். அதுவே பட்டியலாக வந்தால் முதல் தொடல் அந்த வரியைக் காட்டும், இரண்டாவது தொடல்தான் திறக்கும். புதிதாக எடுப்பவர் "டச் வேலை செய்யலை" என்று சொல்வதில் பாதி இதுதான்.

-----

மீதிப் பாதி திரையின் வகையால் வருவது. ரெசிஸ்டிவ் டச் என்பதால் அழுத்தம்தான் கணக்கு. விரல் சதையை விட நகம் நன்றாக எடுக்கும். திரையைத் தொடுவதற்கான குச்சி, அதாவது ஸ்டைலஸ், பின்பக்க மூலையில் செருகியிருக்கும். தொட்ட இடம் ஒன்று, திறப்பது இன்னொன்று என்றால் செட்டிங்ஸ் → போன் → டச் இன்புட் → கேலிபரேஷன் போய், காட்டும் குறிகளை ஸ்டைலஸால் வரிசையாகத் தொடுங்கள். திரையைக் காக்கும் தடித்த தாள் (ஸ்கிரீன் கார்ட்) ஒட்ட வேண்டாம். ஓரத்தில் காற்று புகுந்தால் அங்கே தானாகவே அழுத்தம் விழும்.

வேகத்தைப் பொறுத்தவரை ராம் 128 எம்பிதான். மெனு பட்டனை அழுத்தினால் ஆப் மூடாது, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடுவதெல்லாம் தெரியும். வேண்டாததை அங்கேயே மூடலாம். 'மெமரி ஃபுல்' வருவது பெரும்பாலும் இதை மறப்பதால்.

-----

பழைய செட் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியவை:

ஒரு கால் போட்டு, முதலில் காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு லவுட்ஸ்பீக்கரில். காதுப்பக்கம் மட்டும் ஊமை என்றால், இந்த மாடலின் பேர்போன கோளாறு அதுதான்: ஈரம் பட்டு இயர்பீஸ் தொடுமுனை அரித்துப்போவது. லவுட்ஸ்பீக்கரும் மைக்கும் நன்றாக இருப்பதால் ஹெட்செட் மாட்டிக் காட்டி விற்றுவிடுவார்கள்.

அடுத்து *#7370# அடிக்கச் சொல்லுங்கள், போனை அழித்துப் புதிதாக்கும் கோடு இது. லாக் கோடு கேட்கும். மாற்றாமல் இருந்தால் 12345. அது ஏற்கவில்லை, விற்பவருக்கும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சரியான கோடு கொடுத்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம்.

பேட்டரி பிஎல்-5ஜே, 1320 எம்ஏஎச். கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துச் சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் வீங்கியிருக்கிறது, வேண்டாம். லூமியா 520-க்கு வந்த 1430 எம்ஏஎச் பேட்டரியும் இதே பிஎல்-5ஜே, கச்சிதமாக உட்காரும். சார்ஜ் ஏறுவது 2 மி.மீ. சின்னப் பின் சார்ஜரில் மட்டும். மைக்ரோ யுஎஸ்பி துளை டேட்டாவுக்குத்தான். அதில் ஏறவில்லை என்று போர்டைக் கழற்றாதீர்கள்.

-----

தமிழ் படிக்க இதில் எழுத்துரு கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாக வரும். அந்தக் காலத்தில் கைகொடுத்தது ஓப்பெரா மினி பிரவுசர். முகவரிப் பட்டையில் opera:config என்று அடித்து, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்ற வரியை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால் தமிழ் தெரியும். எழுத்தெல்லாம் சர்வரிலிருந்து படமாக வருவதால் டேட்டா கூடும், வரியைக் காப்பி பண்ணவும் முடியாது.

ஆப் ஏற்றும்போது 'சர்ட்டிஃபிகேட் எக்ஸ்பயர்டு' என்றால் போன் தேதியைச் சில வருடம் பின்னால் தள்ளி ஏற்றிவிட்டு, பிறகு சரியான தேதிக்கு வாருங்கள்.

-----

ஜியோ சிம் போட்டுப் பார்த்து 'சிக்னல் இல்லை' என்று செட்டைக் குறை சொல்லாதீர்கள். இதில் 2ஜி, 3ஜி மட்டும்தான். ஜியோவில் இரண்டும் இல்லை.

-----

சிம் பற்றி ஒன்று. பக்கவாட்டில் உள்ளே தள்ளலாம், ஆனால் அந்த வழியாக இழுக்க வராது. பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒரு துளை தெரியும். ஸ்டைலஸ் முனையை அதில் விட்டுத் தள்ளினால்தான் வெளியே வரும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் போடுகிறவர்கள் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் தள்ளும்போது சிம் நழுவி, வெறும் அடாப்டர் சட்டம் மட்டும் உள்ளே இருக்கும் தொடுமுனைப் பின்னில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கினால் பின்னும் சேர்ந்து வளையும்.